தொட்டியில் வழுவழுப்பு, குழாயில் வாடை: குடிநீரில் உயிர்ப்படலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போய்ப் பரிசோதனைக்காகத் தண்ணீர் மாதிரி எடுப்பது என் வேலை. மாதிரிப் புட்டியை மூடுவதற்குள் சங்கச் செயலாளரோ, காவலாளியோ, மூன்றாவது மாடிப் பாட்டியோ ஒரு சந்தேகத்தோடு வந்துவிடுவார்கள். இடம் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். எளியவை முதலில், வில்லங்கமானவை பின்னால்.

தொட்டியின் உள்சுவரைத் தொட்டால் வழுக்குகிறது. பாசிதானே?

பச்சையாக இருந்தால் பாசி. பாசிக்கு வெளிச்சம் வேண்டும். மூடி உடைந்த தொட்டியிலும் வெயில் ஊடுருவும் வெளிர்நிறத் தொட்டியிலும் அது வரும். இருட்டான சம்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், நிறமே இல்லாமல் வழுவழுவென்று இருப்பது பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலை. அதைத்தான் உயிர்ப்படலம் என்கிறோம்; பயோஃபிலிம் என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

தண்ணீரில் மிதந்து வரும் பாக்டீரியாக்களில் சில சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், மரபணுப் பொருள் எல்லாம் கலந்த ஒரு பசையைச் சுரந்து அதற்குள்ளேயே பெருகும். பின்னால் வரும் வேறு இனங்களும் அதில் குடியேறும். காலையில் பல் துலக்குமுன் நாக்கால் தடவினால் தெரியும் படிவும் இதே வகைதான். 1683-இல் நுண்ணோக்கி ஆய்வில் முன்னோடியான டச்சுக்காரர் லேவன்ஹுக் தன் பல்லைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து, அதில் நெளிந்த உயிர்களைப் பற்றி லண்டனுக்குக் கடிதம் எழுதினார்.

தண்ணீர் பளிங்கு போலத் தெளிவாக இருக்கிறது. இதில் எங்கிருந்து கிருமி?

ஒரு மில்லிலிட்டரில் ஆயிரக்கணக்கான பாக்டீரியாக்கள் இருந்தாலும் தண்ணீர் தெளிவாகவே தெரியும். கலங்கல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது சரி. தெளிவாக இருப்பதால் சந்தேகமே வேண்டாம் என்பது சரியல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழாய் அமைப்பில் உள்ள பாக்டீரியாக்களில் ஏறக்குறைய 95 சதவீதம் குழாயின் உட்சுவரில்தான் இருக்கின்றன; ஓடும் தண்ணீரில் இருப்பது மீதி 5 சதவீதம்தான். புட்டியில் நான் பிடித்துப் போவது அந்தச் சிறு பங்கை மட்டுமே.

மெட்ரோ வாட்டரில் குளோரின் போட்டுத்தானே அனுப்புகிறார்கள்? அது கொன்றுவிடாதா?

மிதப்பவற்றைக் கொல்லும். படலத்துக்குள் இருப்பவற்றிடம் அதன் பலம் குறைவு. குளோரின் எதைத் தொட்டாலும் அதோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும் இயல்புடையது. படலத்தின் வெளிப்பசையோடு போராடுவதிலேயே பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. அடியில் உள்ள பாக்டீரியாக்கள் உணவும் ஆக்சிஜனும் குறைந்து மந்தமாக வாழ்வதால் அவற்றைக் கொல்வதும் கடினம். குளோரினோடு அம்மோனியா சேர்த்துக் கிடைக்கும் மோனோகுளோரமைன் வீரியம் குறைந்தது, ஆனால் அதே காரணத்தால் படலத்துக்குள் ஆழமாகப் போகும். சில நாடுகளில் குழாய்களுக்கு அதையே பயன்படுத்துகிறார்கள்.

இதற்காகக் குளோரின் வீண் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அது இருக்கும்வரை படலம் மெலிந்தே இருக்கும். இந்தியத் தர அளவான ஐஎஸ் 10500, மீந்திருக்கும் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் சம்பில் இறங்கும்போது அந்த அளவு இருக்கலாம். பிறகு கசடு, மொட்டைமாடி வெயிலில் காயும் கறுப்புத் தொட்டி, அதில் ஓரிரு நாள் தேக்கம் எல்லாவற்றையும் தாண்டி சமையலறைக்கு வரும்போது பல வீடுகளில் நான் பார்ப்பது பூஜ்யம்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இதனால் நோய் வருமா, வராதா?

ஆரோக்கியமாக இருக்கும் பெரும்பாலோருக்குப் பெரும்பாலான படலங்களால் ஒன்றும் ஆவதில்லை. தண்ணீரில் சாதாரணமாக வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை கூடியிருப்பது மட்டுமே நோய்க்குக் காரணமாகாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும். பயமுறுத்தி விற்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. சாக்கடைக் கலப்பு ஒருமுறை நடந்தால், வந்த கிருமிகளுக்குப் படலம் புகலிடம் தருகிறது. குளோரின் போட்ட பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து வரலாம். அடுத்தது, படலத்திலேயே வாழ்ந்து, உடல் தளர்ந்தவர்களை மட்டும் தாக்கும் சூடோமோனாஸ் ஏருஜினோசா, காசநோய் சாராத மைக்கோபாக்டீரியா போன்ற இனங்கள்.

மூன்றாவது லீஜியோனெல்லா. 1976-இல் ஃபிலடெல்ஃபியா ஹோட்டல் ஒன்றில் முன்னாள் படைவீரர்கள் மாநாடு நடந்தபோது காரணம் புரியாத நிமோனியா பரவி 34 பேர் இறந்தார்கள். மறு ஆண்டுதான் கிருமி அடையாளம் காணப்பட்டது. ‘அமெரிக்கன் லீஜியன்’ என்ற அந்தப் படைவீரர் அமைப்பின் பெயரே அதற்கும் வந்துவிட்டது. படலத்தை மேயும் அமீபாக்களுக்குள் புகுந்து பெருகும் கிருமி இது. பொதுவாகக் குடிப்பதால் தொற்றுவதில்லை. ஷவரிலும் குளிரூட்டும் கோபுரத்திலும் கிளம்பும் நுண்திவலைகளை மூச்சில் இழுப்பதால் தொற்றும்.

மின்சாரத்தை மிச்சப்படுத்த கீசரை 45 டிகிரியில் வைத்திருக்கிறேன். தவறா?

தண்ணீரைத் தேக்கிச் சுடவைக்கும் கீசர் என்றால், ஆம். மேலே சொன்ன லீஜியோனெல்லாவுக்கு வெதுவெதுப்புதான் பிடித்தமான சூடு. தேக்கும் தண்ணீரை 60 டிகிரியில் வைத்து, குளிக்கும்போது பச்சைத் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். அவ்வப்போது சூடாக்கித் தரும் சிறு கீசரில் தேக்கம் மிகக் குறைவு என்பதால் இந்தத் தொல்லையும் குறைவு. ஷவர் தலையைக் கழற்றிச் சுண்ணாம்புப் படிவைத் தேய்த்துக் கழுவுவது இரண்டுக்கும் பொருந்தும்.

எங்கள் வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது. எனக்கு இதெல்லாம் எதற்கு?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான், அதனால் பதிலும் நீளம். ஆர்.ஓ. கருவிக்குள் தண்ணீர் போகும் பாதையைப் பாருங்கள். முதலில் கசடு வடிகட்டி, அடுத்து கார்பன், பிறகு மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வு, அதன்பின் ஏழெட்டு லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் தொட்டி, கடைசியில் குழாய். கார்பன் எதற்கு? மெம்பரேன் பாலிஅமைடால் ஆனது, குளோரின் பட்டால் கெட்டுவிடும். எனவே கார்பன் குளோரினைப் பிடித்துக்கொள்கிறது. அதாவது நகராட்சி செலவழித்துச் சேர்த்த ஒரே காவலைக் கருவியின் வாசலிலேயே இறக்கி வைத்துவிடுகிறோம். அதற்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு பரப்பும் பாக்டீரியாவுக்குத் திறந்த மனை. கார்பனோ நுண்துளைகள் நிறைந்தது, தண்ணீரிலுள்ள கரிமப் பொருளையும் பிடித்து வைத்திருக்கிறது. இருப்பிடமும் உணவும் அங்கேயே.

நல்ல மெம்பரேன் பாக்டீரியாவைத் தாண்டவிடாது என்பது உண்மைதான். ஆனால் தாண்டி வந்த சுத்தமான தண்ணீர், கழுவப்படாத தொட்டியில் குளோரின் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. குழாய் முனையை விரல் தொடுகிறது, ஈரத் துணி தொடுகிறது. அங்கிருந்து படலம் உள்நோக்கி வளர்ந்து தொட்டிவரை போகும். ஒரே வீட்டில் சமையலறைக் குழாயை விட ஆர்.ஓ. குழாயில் பாக்டீரியா எண்ணிக்கை கூடுதலாக வருவது எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் வியப்பில்லை.

போர் தண்ணீரில் உப்பு மிகுந்த பகுதிகளுக்கு ஆர்.ஓ. தேவை. உப்புக் குறைந்த ஏரித் தண்ணீர் வரும் வீட்டில் அதை மாட்டுவது, இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிடுவது என்பது என் அபிப்பிராயம். மாட்டிவிட்டீர்கள் என்றால் கார்பனைக் கெடு தாண்டாமல் மாற்றுங்கள். சேமிப்புத் தொட்டியைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். வருகிற மெக்கானிக் தானாகச் செய்யமாட்டார்.

மெக்கானிக் மீட்டரை முக்கி டிடிஎஸ் 40 என்று காட்டினார். அப்படியென்றால் சுத்தம்தானே?

அந்த மீட்டர் அளப்பது மின்கடத்தலை. அதிலிருந்து கரைந்த உப்பைக் கணக்கிடுகிறது. பாக்டீரியா அதன் கண்ணுக்கே தெரியாது. சாக்கடை ஒரு சொட்டு கலந்தாலும் அது 40 என்றே காட்டும்.

யூவி விளக்கு நீலமாக எரிகிறதே, அது போதாதா?

கிருமியைக் கொல்லும் 254 நானோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் பார்க்கும் நீலம் விளக்கு எரிகிறது என்பதற்கு மட்டுமே அடையாளம். நாளாக ஆக நீலம் அப்படியே இருக்கும், கொல்லும் கதிர் குறைந்துவிடும். விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் படிவு சேர்ந்தாலும் அப்படித்தான்.

அது சரியாக எரிந்தாலும், தன்னைக் கடந்து போகும் கிருமியை மட்டுமே கொல்லும். குளோரினைப் போலத் தண்ணீரோடு கூடவே போகாது. விளக்குக்குப் பின்னால் தொட்டி இருந்தால், ஆர்.ஓ. பதிலில் சொன்ன கதை அப்படியே தொடரும். விளக்கு குழாய்க்கு நெருக்கமாக இருக்கும் அமைப்பே மேல்.

பத்து நாள் ஊருக்குப் போய் வந்தோம். குழாயைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை. என்ன ஆயிற்று?

தண்ணீர் ஓடாமல் நின்றதால் குளோரின் தீர்ந்தது, ஆக்சிஜனும் குறைந்தது. படலத்தின் அடியில் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் சில பாக்டீரியாக்கள் தண்ணீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். வாடை அதனுடையது. எல்லாக் குழாய்களையும் வாடை போகும்வரை திறந்து விடுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். ஆர்.ஓ. தொட்டியை முழுக்க வடித்துவிட்டு, புதிதாக நிரம்புவதையும் ஒருமுறை கொட்டிவிடுங்கள்.

குழாயில் தண்ணீர் வரும்போது முதல் கொஞ்ச நேரம் கலங்கி வருகிறது. ஏன்?

நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும் குழாயில் படலம் ஒருவித சமநிலையில் இருக்கும். விட்டு விட்டு வரும் குழாயில் அப்படியில்லை. வற்றியபோது காய்கிறது, திறந்தவுடன் வேகமாக ஓடும் தண்ணீர் அதைப் பிய்த்து எடுத்துவருகிறது. கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாட் இதற்கு நல்ல சாட்சி. அங்கே சில வார்டுகளுக்கு 24 மணி நேர விநியோகமும் மற்றவற்றுக்கு இடைவெளி விநியோகமும் இருந்ததால், ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. இடைவெளி விநியோகத்தில், அதிலும் முதலில் வரும் தண்ணீரில், கலங்கலும் மலக்கிருமிகளின் அடையாளமும் தெளிவாகக் கூடுதலாக இருந்தன.

படலம் பிய்வதை விடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. அழுத்தம் இல்லாத நேரத்தில் விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடை நீர் குழாய்க்குள் கசியும். எனவே முதலில் வருவதைச் சம்புக்குள் விடாமல் வெளியே திருப்புங்கள். சம்பின் நுழைவாயிலில் ஒரு வால்வும் கிளைக் குழாயும் போட ஆகும் செலவு, ஒருமுறை சம்பைக் கழுவும் கூலியை ஒட்டித்தான் வரும்.

தொட்டியை எப்படிக் கழுவ வேண்டும்? பிளீச்சிங் பவுடர் எவ்வளவு?

தேய்ப்பதுதான் முதல் வேலை, பவுடர் அடுத்ததுதான். படலத்தோடு சேர்த்துக் குளோரின் ஊற்றினால் என்ன ஆகும் என்று மூன்றாவது கேள்வியில் பார்த்தோம். தொட்டியை வடித்து, கசடை வாரி, சுவரையும் மூலைகளையும் குழாய் இணைப்புகளையும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிய பிறகே கிருமிநீக்கம்.

1000 லிட்டருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர். பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால் இது லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஆகும். திறந்து கிடந்த மூட்டையில் அவ்வளவு இருக்காது, புதிதாக வாங்குங்கள். வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி நிரப்புங்கள். ஒவ்வொரு வீட்டுக் குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆர்.ஓ. கருவிக்குப் போகும் வால்வை மட்டும் மூடி வையுங்கள். 24 மணி நேரம் கழித்து வடித்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். அன்றாடக் குளோரினுக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர், அரை மணி நேரக் காத்திருப்பு.

வடிக்கும் தண்ணீரைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். அங்கே உழைக்கும் பாக்டீரியாக்கள் செத்தால் வளாகமே நாறும். பவுடரோடு ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். ஆழமான சம்புக்குள் ஆளைத் தனியாக இறக்கவும் கூடாது. மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட்டம் கொடுத்து, வெளியே ஒருவர் நின்று, கயிறு கட்டி இறங்கட்டும். பெட்ரோலில் ஓடும் பம்பை உள்ளே இறக்குவது தற்கொலைக்குச் சமம்.

கழுவி ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி வழுக்குகிறது. கழுவியவர்கள் ஏமாற்றிவிட்டார்களா?

அநேகமாக இல்லை. சுத்தமான சுவரில் பாக்டீரியா ஒட்டுவது சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும்; சூடான ஊரில் சில வாரங்களில் விரலுக்குத் தெரியும் அளவு வளர்வது இயல்பு. கழுவுவது அதை மறுபடி ஆரம்பக் கட்டத்துக்குத் தள்ளுகிறது, அவ்வளவே.

மிக விரைவாக வருகிறது என்றால் மூன்றைப் பாருங்கள்: குளோரின் இருக்கிறதா, மூடி சரியாக மூடுகிறதா, அடியில் கசடு மிஞ்சியிருக்கிறதா. வெடிப்பு விட்ட சிமென்ட் பூச்சில் பிரஷ் போகாது. டைல்ஸ் ஒட்டினால் தேய்ப்பது சுலபம். ‘பாக்டீரியாவே ஒட்டாத’ தொட்டி என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் போட நான் சொல்லமாட்டேன்.

போர் தண்ணீரில் பழுப்பாகக் கொழகொழவென்று வருகிறது. குளியலறைத் தரையில் இளஞ்சிவப்பாகப் படிகிறது. இரண்டும் ஒன்றா?

வேறு வேறு. பழுப்புக் கொழகொழப்பு இரும்புப் பாக்டீரியா. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் இரும்பை ஆக்சிஜனோடு சேர்த்து அதிலிருந்து வாழ்பவை. நோய் தருவதில்லை, குழாயை அடைக்கும், துணியில் கறை பிடிக்கும். இளஞ்சிவப்பு பெரும்பாலும் செராட்டியா என்ற பாக்டீரியா. சோப்புப் படிவையும் ஈரத்தையும் நம்பி வளர்வது, பெரும்பாலும் காற்றிலிருந்து வருவது. அதற்குத் தண்ணீரைக் குறை சொல்வதைவிடத் தரையை உலர வைப்பதே வழி.

செப்புக் குடத்தில் ஊற்றி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறாரே மாமியார்?

மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. வயிற்றுப்போக்குக் கிருமிகளைக் கலந்த தண்ணீரைச் செப்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தபோது அவை அழிந்தன என்று 2012-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். குடத்தின் உட்புறம் படிவு மூடிவிட்டால் தண்ணீருக்குச் செம்பு படாது, ஆகவே புளி போட்டுத் தேய்க்கும் வழக்கத்தை விட்டுவிடக் கூடாது. மண்பானையையும் அவ்வப்போது தேய்த்து வெயிலில் காயவிட வேண்டும். அதன் நுண்துளைகளில் படலம் நன்றாகப் பிடிக்கும்.

நெம்மேலியிலும் மீஞ்சூரிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே, அங்கே இந்தத் தொல்லை இல்லையா?

உலகெங்கும் அத்தகைய ஆலைகளின் தீராத தலைவலியே இதுதான். மீஞ்சூர் 2010-இலும் நெம்மேலியின் முதல் ஆலை 2013-இலும் தொடங்கின. இரண்டும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டவை. உங்கள் சமையலறையில் உள்ள அதே ஆர்.ஓ. தொழில்நுட்பம்தான். மெம்பரேன் மேல் படலம் ஏறினால் தண்ணீரைத் தள்ள அழுத்தம் கூட்ட வேண்டும், மின்செலவு ஏறும். அதனால் கடல்நீரை முன்கூட்டியே வடிகட்டி, மெம்பரேனைக் காரத்தாலும் அமிலத்தாலும் மாறி மாறிக் கழுவுவது இத்தகைய ஆலைகளின் வழக்கம். வீட்டில் இப்படிக் கழுவுவதில்லை, ‘மெம்பரேன் போய்விட்டது’ என்று புதிது மாட்டிவிடுகிறார்கள்.

நெதர்லாந்தில் குளோரினே போடுவதில்லையாம். நாம் மட்டும் ஏன் போட வேண்டும்?

உண்மைதான். ஆம்ஸ்டர்டாம் 1983-இலேயே விநியோகத்தில் குளோரினை நிறுத்தியது. அவர்கள் பிடித்தது வேறு வழி: பாக்டீரியாவைக் கொல்வதற்குப் பதிலாகப் பட்டினி போடுவது. பாக்டீரியா உண்ணக்கூடிய கரிமத்தைச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அளவுக்குக் குறைத்துவிட்டால் குழாயில் படலம் வளர வழியில்லை.

அதற்குத் துணையாக அங்கே நாள் முழுக்க அழுத்தம், கசிவு மிகக் குறைந்த குழாய்கள், வீட்டில் சம்பும் மேல்தொட்டியும் தேவைப்படாத நிலைமை. இவை எல்லாம் இல்லாமல் குளோரினை மட்டும் நிறுத்தினால் கலங்கல் தண்ணீர்க் கேள்வியில் சொன்ன கசிவுக்கு நம்மிடம் எந்த மறுமொழியும் இராது.

அப்படியானால் உயிர்ப்படலம் எப்போதும் கெட்டதுதானா?

1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்தது. அந்த ஆண்டுக் காலராவில் ஏறக்குறைய 8,600 பேர் இறந்தார்கள். ஒட்டியிருந்த அல்டோனா நகரம் அதே ஆற்றில், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு கீழே எடுத்த நீரைக் குடித்தது; ஆனாலும் பெரும்பாலும் தப்பியது. இரண்டு நகரங்களுக்கும் எல்லையாக இருந்த தெருவில் ஒரு பக்கம் காலரா, மறு பக்கம் இல்லை. வித்தியாசம் அல்டோனாவின் மணல் வடிகட்டிகள். ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோஹ் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

மணல் மட்டும் அந்த வேலையைச் செய்யவில்லை. மெதுவாக நீர் இறங்கும் மணலின் மேற்பரப்பில் சில வாரங்களில் ஒரு படலம் முதிர்கிறது. அதிலுள்ள உயிர்கள் வரும் கிருமிகளைப் பிடித்துத் தின்கின்றன. படலம் முதிராத புதிய வடிகட்டி அரைகுறையாகத்தான் வேலை செய்யும். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1914-இல் அமைத்தவையும் இந்த மெது மணல் வடிகட்டிகளே. படலம் எங்கே வளர்கிறது, அதற்குப் பின்னால் என்ன காவல் இருக்கிறது என்பதைப் பார்த்தே நல்லது கெட்டது சொல்ல முடியும்.

அறிக்கையில் ‘ஈ.கோலை இல்லை’ என்று வந்துவிட்டது. படலம் இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஈ.கோலை சோதனை கேட்பது மலக்கலப்பு உண்டா என்ற ஒரு கேள்வியைத்தான். கறுப்பாக மாறினால் ஆபத்து என்று சொல்லும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பியும் அப்படித்தான். 1982-இல் குவாலியர் ஆய்வுக்கூடத்தார் வெளியிட்ட எளிய சோதனை அது. குடிநீருக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. ஆனால் படலத்தைப் பற்றி அது மௌனம்.

மாதிரி எடுக்கும் முறையும் படலத்தை மறைக்கிறது. நாங்கள் குழாயைச் சுடரால் சுட்டு, சில நிமிடம் ஓடவிட்டுப் பிடிப்போம். படலத்தைத் தேடுகிறீர்கள் என்றால் அதிகாலை முதல் தண்ணீரை ஒரு புட்டியிலும், ஓடவிட்டபின் இன்னொன்றிலும் பிடித்து மொத்தப் பாக்டீரியா எண்ணிக்கையை ஒப்பிடச் சொல்லுங்கள். முதல் புட்டியில் மிகக் கூடுதல் என்றால் கோளாறு உங்கள் குழாயில். இரண்டிலும் கூடுதல் என்றால் தொட்டியில் தேடுங்கள். இதைவிட மலிவான வழி, குளோரின் சோதனைப் பட்டையால் சம்ப், மேல்தொட்டி, வீட்டுக் குழாய் மூன்றையும் ஒரே காலையில் பார்ப்பது. எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே அளவு சட்டென்று விழுகிறதோ, கழுவும் வேலையை அங்கே தொடங்கலாம்.

வீட்டில் கீமோதெரபி எடுப்பவர் இருக்கிறார். அவருக்கு எந்தத் தண்ணீர் கொடுப்பது?

அவருடைய மருத்துவர் சொல்வதே முதலில். என்னைக் கேட்டால், கொதி வந்த தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீராக இருந்தாலும் கொதிக்க வைத்தே. மூடியுள்ள, அன்றன்று கழுவிக் காயவைத்த பாத்திரத்தில் ஆறவிட்டு, அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மறுநாளுக்கு எடுத்துவைத்தால் ஆர்.ஓ. தொட்டிக்குச் சொன்னது இந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தும். கேன் தண்ணீர் என்றால் அதை வைக்கும் டிஸ்பென்சரின் உள்ளே ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். குளிப்பதற்கு ஷவரைவிட வாளியும் குவளையும் நல்லது.